ராக்கெட்டுக்குள் ஒரு குட்டி மூளை



ராக்கெட் என்றவுடன் நம் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது நெருப்பும் புகையும்தான். ஆனால் நெருப்பு செய்வதெல்லாம் தள்ளுகிற வேலை மட்டுமே. எப்போது கிளம்பினோம், எவ்வளவு உயரம் வந்தோம், உச்சியைத் தொட்டுவிட்டோமா, பாராசூட்டை எந்த நொடியில் விரிப்பது என்பதையெல்லாம் முடிவு செய்வது உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பலகை. அதைத்தான் பறப்புக் கணினி, அதாவது ஃப்ளைட் கம்ப்யூட்டர் என்கிறார்கள்.

கம்ப்யூட்டர் என்றதும் திரையையும் கீபோர்டையும் தேடாதீர்கள். நாம் பேசப்போகும் பறப்புக் கணினியின் மூளை ஒரு தீப்பெட்டியைவிடச் சின்னது. "இதெல்லாம் ஸ்ரீஹரிகோட்டா சமாச்சாரம். செஞ்சியிலிருந்து பஸ் பிடித்து வருகிற நமக்கு எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நம் லேபில் செய்யும் பயிற்சிகளைவிட இதில் கடினமானது ஒன்றும் இல்லை. ஆனால் லேபில் கிடைக்காத ஒரு பாடம் இதில் கிடைக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு உண்மைக் கதைகள்

முதல் கதை நம் எல்லாருக்கும் தெரிந்தவருடையது. 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதன்முறையாகப் புறப்படத் தயாராக நிற்கிறது. திட்ட இயக்குநர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். ஏவுவதற்குச் சில நிமிடங்களே இருக்கும்போது தரையிலிருந்த கணினி "நிறுத்து" என்றது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு கசிவு. நிபுணர்கள் கணக்குப் பார்த்து, கசிவு இருந்தாலும் சமாளிக்கலாம் என்றார்கள். கணினியை மீறி ராக்கெட் ஏவப்பட்டது. முதல் கட்டம் நன்றாக வேலை செய்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்து வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18 அன்று, அதே எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இதைக் கலாம் அவர்களே பல மேடைகளில் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது கதை நம் காலத்தில் நடந்தது. 2022 ஆகஸ்ட் 7. எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டின் முதல் பயணம். அதில் இ.ஓ.எஸ்.-02 என்ற செயற்கைக்கோளுடன் ஆசாதிசாட் என்ற 8 கிலோ குட்டிச் செயற்கைக்கோளும் போனது. நாடு முழுவதும் உள்ள அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து உருவாக்கிய 75 சிறு கருவிகள் அதில் இருந்தன. நம் மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு மகளிர் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு.

மூன்று கட்டங்களும் நன்றாகவே எரிந்தன. ஆனால் இரண்டாம் கட்டம் பிரியும்போது ஓர் அதிர்வு உண்டானது. வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் தங்கள் அளவின் எல்லையைத் தொட்டு, மிகக் குறுகிய நேரம் அங்கேயே நின்றுவிட்டன. பறப்புக் கணினி அதைப் பார்த்து, "முடுக்கமானிகள் கெட்டுவிட்டன" என்று தீர்ப்பு எழுதி, அவசர கால வழிக்கு மாறிவிட்டது. உண்மையில் முடுக்கமானிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தீர்ப்பின் விளைவு, நொடிக்கு ஏறத்தாழ 56 மீட்டர் வேகக் குறைவு. நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் போகிற பொருளுக்கு இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் போக வேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் 356, மறு பக்கம் 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டப் பாதையில் விழுந்தன. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறதே! அவ்வளவுதான், எல்லாம் போயிற்று.

இஸ்ரோ சும்மா இருக்கவில்லை. கட்டம் பிரியும் அமைப்பை மாற்றினார்கள், கருவிகள் இருக்கும் பகுதியின் கட்டமைப்பைத் திருத்தினார்கள், கணினி தீர்ப்பு சொல்லும் முறையையும் மாற்றினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று எஸ்.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் பயணத்தில் ஆசாதிசாட்-2 சரியாகச் சுற்றுப்பாதையை அடைந்தது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1979-இல் கணினி சொன்னது சரி, மனிதர்கள் மீறினார்கள். 2022-இல் உணரிகள் நன்றாக இருந்தன, கணினி அவற்றைத் தவறாகச் சந்தேகப்பட்டது. ஆக, "கருவியை நம்பு" என்பதும் பாடமில்லை, "கருவியை நம்பாதே" என்பதும் பாடமில்லை. எந்த அளவை, எப்போது, எவ்வளவு தூரம் நம்புவது? பறப்புக் கணினி செய்வதின் முழு வித்தையும் இந்த ஒரு கேள்விதான்.

முதலில் ஓர் எச்சரிக்கை

வெளிநாடுகளில் பொழுதுபோக்குக்காக ராக்கெட் விடுபவர்கள் கடையில் விற்கும் மோட்டாரை வாங்கிப் போடுகிறார்கள். நம் நாட்டில் வெடிமருந்து செய்வதும் வைத்திருப்பதும் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்திற்கும் 2008-ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. உரிமம் இல்லாமல் வீட்டில் மருந்து கலப்பது குற்றம். அதைவிடப் பெரிய விஷயம், விரலும் கண்ணும் திரும்ப முளைக்காது. எனவே மருந்து கிருந்து என்று யாரும் இறங்க வேண்டாம்.

நமக்கு ஏற்றது தண்ணீர் ராக்கெட். 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, தலைகீழாக நிறுத்தி, சைக்கிள் பம்பால் 60 பி.எஸ்.ஐ. வரை காற்றடித்து விடுவித்தால், கருவிகளோடு சேர்த்து ஏறத்தாழ முப்பது மீட்டர் வரை போகும். சோடா வகைப் பானத்தின் பாட்டிலைத்தான் எடுக்க வேண்டும், சாதாரணத் தண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. காற்றடிக்கும்போது எல்லாரும் பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பாட்டிலுக்கு நேர் மேலே யாரும் குனியக்கூடாது. கோட்டைக்குள் விடலாமே என்று நினைக்காதீர்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், 2025 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றும்கூட. அறுவடை முடிந்த வயல் போதும், அதுவும் நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு.

என்னென்ன வேண்டும்?

1. மூளை: அர்டுயினோ நானோ பலகை. இதிலுள்ள சிப்பின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், தற்காலிக நினைவகம் 2 கிலோபைட், மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ரம் 1 கிலோபைட். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நம் வேலைக்கு இது தாராளம்.

2. அழுத்தமானி: பி.எம்.பி.280. காற்றழுத்தத்தை அளந்து உயரம் சொல்லும். அழுத்த மாற்றத்தை ஏறத்தாழ 0.12 ஹெக்டோபாஸ்கல் துல்லியத்தில் சொல்லும், அதாவது ஒரு மீட்டர் உயரம்.

3. முடுக்கமானி: எம்.பி.யு.6050. அதிகபட்சம் 16 ஜி வரை அளக்கும்.

4. பாராசூட் கதவைத் திறக்க ஒரு சின்ன சர்வோ மோட்டார்.

5. மின்சாரத்திற்கு ரீசார்ஜ் செய்யும் சிறு செல்கள் நான்கு.

சென்னை ரிச்சி தெருவில் தேடினாலும் தபாலில் வரவழைத்தாலும் செல் தவிர மற்றவை ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். இந்த ஆயிரம் ரூபாய் எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை. அப்பா செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குபவர். பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள். "பொண்ணுக்கு எதுக்கு மிஷின் படிப்பு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது அம்மா ஒரே வார்த்தையில், "அவளுக்குப் புடிச்சிருக்கு" என்று முடித்துவிட்டார். எனவே வாங்கிய ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் நல்லதற்குத்தான். அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால்தான் நமக்கே புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு சின்னக் குறிப்பு: பி.எம்.பி.280 சிப்புக்கு நானோவின் 3.3 வோல்ட் முனையிலிருந்துதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் போச்சு. சிக்னல் கம்பிகளுக்கு நடுவில் லெவல் கன்வெர்ட்டர் ஒன்று போடுவது நல்லது.

காற்று சொல்லும் கணக்கு

உயரம் போகப் போக நம் தலைக்கு மேலுள்ள காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. தரைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு ஒன்பது மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். அழுத்தமானி இந்தக் குறைவை அளக்கிறது, நாம் அதை மீட்டராக மாற்றுகிறோம்.

சரி, அது சொல்வது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செஞ்சிக்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ராஜகிரி இருக்கிறதே! 800 அடி, அதாவது ஏறத்தாழ 244 மீட்டர். அந்த உயரத்திற்கு அழுத்தம் ஏறத்தாழ 27 ஹெக்டோபாஸ்கல் குறைய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பலகையை ஒரு டிபன் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ஏறினோம். குரங்குகள் டப்பாவைக் குறி வைத்ததால் அப்பா அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். உச்சிக்கு முன்னால் அந்தப் பெரிய பள்ளத்தின் மேல் உள்ள பாலத்தைத் தாண்டி, மேலே போய்ப் பார்த்தபோது அழுத்தக் குறைவு கணக்கை ஒட்டியே இருந்தது. "இத்தனை வருஷமா இந்த மலையப் பாக்கறேன். அது எவ்ளோ உசரம்னு ஒரு பொட்டி சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றார் அப்பா.

ஆனால் மீட்டராக மாற்றியபோது பத்துப் பதினைந்து மீட்டர் குறைவாகக் காட்டியது. காரணம் சுவாரசியமானது. எல்லாரும் பயன்படுத்தும் சூத்திரம் கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பம் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. நம் ஊரில் அன்றைக்கு 33 டிகிரி. சூடான காற்று லேசானது, அதனால் அதே அழுத்தக் குறைவுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் ஏற வேண்டும். வெப்பத்தைக் கெல்வினில் மாற்றி 306-ஐ 288-ஆல் வகுத்தால் 1.06 வரும். சூத்திரம் தரும் உயரத்தை அதால் பெருக்கினால் கணக்குச் சரியாகிவிடும். கருவியிலும் குறையில்லை, மலையும் மாறவில்லை. சூத்திரம் பிறந்த ஊரின் தட்பவெப்பம் வேறு, அவ்வளவுதான்.

இன்னொன்று. நம் பகுதியில் காற்றழுத்தம் காலை பத்து மணிவாக்கில் உச்சத்துக்குப் போய், மாலை நான்கு மணிக்குள் 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குக் குறையும். இது தினமும் நடப்பது. அதாவது காலையில் தரை மட்டம் என்று பதிந்து வைத்துவிட்டு மாலையில் பார்த்தால், மேசை மேல் சும்மா கிடக்கும் பலகை தான் 25 மீட்டர் பறந்துவிட்டதாகச் சொல்லும்! எனவே புறப்படும் கணம் வரை தரை அழுத்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை அப்பாவிடம் சொன்னபோது, "மூட்டைய வைக்கறதுக்கு முன்னாடி தராசை சைபர் பண்ணணும்னு சொல்ற, அதானேம்மா?" என்றார். அதேதான்.

முடிவெடுக்கும் முறை

பறப்புக் கணினியின் நிரலை நான்கு நிலைகளாக எழுதினால் எளிது.

காத்திருத்தல்: தரையில் நிற்கிறது. தரை அழுத்தத்தின் சராசரியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். முடுக்கமானியை நொடிக்கு 100 முறையும், அழுத்தமானியை நொடிக்கு 20 முறையும் கேட்கும்.

ஏறுதல்: தொடர்ந்து மூன்று முறை 3 ஜி-க்கு மேல் காட்டினால் கிளம்பியிருக்கலாம் என்று சந்தேகப்படும். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. யாராவது பாட்டிலைத் தட்டினால்கூட இப்படிக் காட்டும். அடுத்த ஒரு நொடிக்குள் உயரம் 5 மீட்டரைத் தாண்டினால்தான் புறப்பாடு உறுதி. இல்லாவிட்டால் மறுபடி காத்திருத்தலுக்கே திரும்பும். முடுக்கமானி வாயே திறக்காவிட்டால்? உயரம் 10 மீட்டரைத் தாண்டினால் அது ஒன்றே போதும்.

விரித்தல்: இதுவரை பார்த்த அதிகபட்ச உயரத்தை நினைவில் வைத்திருக்கும். தொடர்ந்து மூன்று அளவுகள் அதைவிட ஒரு மீட்டர் கீழே இருந்தால் உச்சி தாண்டியாயிற்று. சர்வோ திரும்பும், பாராசூட் வெளியே வரும்.

இறங்குதல்: உயரம் மாறாமல் சில நொடிகள் நின்றால் தரைக்கு வந்தாயிற்று. அதுவரை தற்காலிக நினைவகத்தில் சேர்த்த அளவுகளை ஈப்ரத்தில் எழுதும். பறக்கும்போது எழுதக்கூடாது. ஒரு பைட் எழுத ஏறத்தாழ 3.3 மில்லி நொடி ஆகும், அந்த நேரத்தில் முக்கியமான அளவு தவறிப்போகும்.

இவற்றோடு ஒரு காவல்காரன் வேண்டும். கிளம்பி மூன்றரை நொடி ஆகியும் உச்சி தெரியவில்லை என்றால், எந்த உணரி என்ன சொன்னாலும் பாராசூட்டைத் திறந்துவிட வேண்டும். முப்பது மீட்டர் ஏற இரண்டரை நொடி, விழ இரண்டரை நொடி. இந்தக் கணக்கில் மூன்றரை என்பது உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், தரைக்கு வெகு முன்னால்.

உயரத்துக்கு ஏன் முடுக்கமானியை நம்பவில்லை என்று கேட்பீர்கள். தண்ணீர் பீறிடும் அந்தக் கண நேரத்தில் நம் பாட்டிலின் முடுக்கம் 30 ஜி-யையும் தாண்டும். கருவியோ 16-க்கு மேல் எண்ணாது. 30 ஜி என்றாலும் 16 என்றே சொல்லிக்கொண்டு நிற்கும். எஸ்.எஸ்.எல்.வி.யில் நடந்ததும் இந்த எல்லை தொடும் சங்கதிதான். அதற்காக முடுக்கமானி கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிட்டால் அது தவறான தீர்ப்பு. 16 என்று காட்டினால், "16 அல்லது அதற்கு மேல்" என்று படிக்க வேண்டும். புறப்பட்டதைச் சொல்ல அது நல்ல சாட்சி, உயரத்தைச் சொல்ல அது சாட்சியே இல்லை. ஒவ்வொரு சாட்சியையும் அதற்குத் தெரிந்த விஷயத்தை மட்டுமே கேட்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

கருவிப் பெட்டியின் பக்கவாட்டில் சம தூரத்தில் மூன்று சிறு துளைகள் வேண்டும். துளை இல்லாவிட்டால் வெளி அழுத்தம் உள்ளே தெரியாது. ஒரே துளை என்றால் அந்தப் பக்கம் வீசும் காற்றை அழுத்தம் என்று நினைத்துக்கொள்ளும். பி.எம்.பி.280-க்கு நேர் வெயிலும் ஆகாது, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்சு வையுங்கள்.

சர்வோ திரும்பத் தொடங்கும்போது திடீரென்று நிறைய மின்னோட்டம் இழுக்கும். அப்போது மின்னழுத்தம் சரிந்து நானோ ரீசெட் ஆகிவிடலாம், பாராசூட் பாதியில் நிற்கும். சர்வோவின் மின்கம்பிகளுக்குக் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று போட்டால் இது பெருமளவு அடங்கும்.

பறக்கவிடாமலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு லிட்டர் ஜாடிக்குள் பலகையை வைத்து, மூடியில் ஊசியில்லாத சிரிஞ்சைப் பொருத்தி, காற்று கசியாமல் எம்-சீல் வைத்து அடையுங்கள். ஜாடியோடு சேர்த்து ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு, சிரிஞ்சை மூன்றரை மில்லி மட்டும் வெளியே இழுங்கள். பலகை முப்பது மீட்டர் ஏறிவிட்டதாக நம்பும். மெல்ல உள்ளே தள்ளினால் உச்சி தாண்டியதாக நினைத்து சர்வோவைத் திருப்பும். முப்பது முறை ஜாடியில் சரியாகத் திறந்த பிறகுதான் வயலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதனால் நமக்கு என்ன?

இது வெறும் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். 2024 ஆகஸ்ட் 24 அன்று சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையிலிருந்து ரூமி-1 என்ற ராக்கெட் கிளம்பியது. சென்னையின் ஸ்பேஸ் ஸோன் இந்தியா என்ற தனியார் நிறுவனம் செய்தது. பாராசூட்டில் இறங்கித் திரும்பப் பயன்படும்படி அமைக்கப்பட்டது. அதுபோன்ற இடங்களில் சால்டரிங் செய்யவும், உணரியைச் சோதிக்கவும், நிரல் எழுதவும் ஆட்கள் வேண்டும்.

"டிப்ளமோதானே" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் ஒரு பெயரைச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்ற வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். ஏ.எம்.ஐ.இ.யும் முடித்தவர். 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்து, பிறகு காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியல் படித்தவர்.

எல்லாரும் தலைவராக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நாளைக்கு நாம் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் அங்கே ஒரு மீட்டர் இருக்கும், அதில் ஒரு எண் தெரியும். அதை நம்பி ஒரு வால்வைத் திறப்பதும் மூடுவதும் நம் கையில் இருக்கும். அந்த எண்ணின் எல்லை எது, சைபர் எது, அதற்கு இரண்டாவது சாட்சி எது என்று கேட்கத் தெரிந்தவர்தான் நல்ல டெக்னீஷியன். 750 மாணவிகளின் உழைப்பு போனது ராக்கெட்டுக்கு வலிமை இல்லாததால் அல்ல, ஓர் எண்ணைப் படித்த விதத்தால்.

சேர்ந்து செய்ய விருப்பமுள்ளவர்கள், முதலாண்டு தம்பி தங்கைகள் உட்பட, மாலையில் எங்கள் துறை லேபுக்கு வாருங்கள். ஜாடியும் சிரிஞ்சும் தயாராக இருக்கின்றன. ஒன்றே ஒன்று, இரண்டு லிட்டர் காலி பாட்டில் ஆளுக்கு ஒன்று கொண்டு வாருங்கள்!

– மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை